சக்கரத்துக்குப் பக்கத்தில்

கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்ததால் ஜூடுவால் வெயிலில் நடக்க முடியவில்லை. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் தார் ரோடு, கார்க் கண்ணாடி, எதிரே வந்த பெண்ணின் கையிலிருந்த எவர்சில்வர் தூக்கு என எல்லாமே கண்ணுக்குள் குத்தின. ஆட்டோ பிடித்து ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு போய்ச் சோழவந்தான் பஸ்ஸில் ஏறிவிடலாம் என்றுதான் அவன் மனைவி ஹெப்சிபா நினைத்திருந்தாள். அவனோ கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு ஒரு வேப்பமரத்தடியில் நின்றுவிட்டான். மரத்துக்குப் பின்னால் அருங்காட்சியகத்தின் கேட் திறந்திருந்தது.

"உள்ள இருட்டா இருக்கும்போலங்க. கூச்சம் குறையிற வரைக்கும் உக்காந்துட்டுப் போவோம்" என்றாள். எத்தனையோ தடவை அந்தப் பக்கம் போயிருக்கிறார்கள். இருவரும் உள்ளே நுழைவது இதுதான் முதல்முறை.

சோழவந்தான் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஜூடு வேன் டிரைவர். ஹெப்சிபா அங்கேயே ஆபீஸில் கிளார்க். அவனுக்குப் பார்வை குறைகிறது என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. பேப்பரில் இருக்கும் பொடி எழுத்தைக்கூடக் கண்ணாடி இல்லாமல் வாசித்துவிடுவான். ஆனால் வீட்டில் தண்ணீர்க் குடத்தில் இடித்துக்கொள்வான். குறுக்கே வைத்த நாற்காலியில் தடுக்குவான். அவள் தங்கை ஐரினின் வீட்டு விசேஷத்தில் சந்தனத் தட்டை நீட்டியவரைத் திரும்பிக்கூடப் பாராமல் நடந்துபோனான். "உன் மாப்பிள்ளைக்கு அம்புட்டுத் தலைக்கனமா?" என்று கேட்டார்கள். அன்றைக்கு வீடு வந்து சேரும்வரை அவள் அவனைத் திட்டிக்கொண்டே வந்தாள். போன மாதம் வேனின் பக்கவாட்டில் பள்ளிக்கூடத் தூண் உரசியது. அதற்குப் பிறகுதான் கண்ணைக் காட்டலாம் என்று அவனே சொன்னான்.

கண்ணில் பிரஷர் ஏறி, நரம்பு ஓரத்திலிருந்து செத்துக்கொண்டு வந்திருக்கிறது என்றார் டாக்டர். நடுவில் மட்டும் பார்வை மிச்சம். அதைக் காப்பாற்ற மருந்து உண்டு, போனது போனதுதான். "இனிமே ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது" என்றார். ஜூடு தலையாட்டினான். படியிறங்கும்போது, "அவங்க அப்படித்தான் சொல்வாங்க. நம்ம ஊரு ரோடுதான? மெதுவா ஓட்டிக்கிடலாம்" என்றான். அவன் சொல்லாவிட்டால் ஆபீஸில் ஹெப்சிபாதான் போய்ச் சொல்ல வேண்டும். சொன்னால் அவன் தன்னை மன்னிக்க மாட்டான். சொல்லாமல் இருந்தால், வேனிலிருந்து குதித்து இறங்கும் அந்தப் பிள்ளைகளின் முகத்தை எப்படிப் பார்ப்பது? படி முழுவதும் இதே நினைப்போடுதான் அவனைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

ஓவியக் கூடம் உயரமான ஓட்டுக் கட்டடம். ஜன்னல்கள் பாதி சாத்தியிருந்தன. மூலையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் காவலுக்கு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். சட்டைப் பையில் தமிழ்ச்செல்வி என்று பெயர்வில்லை. "போட்டோ மட்டும் எடுக்கக் கூடாதுக்கா" என்று சொல்லிவிட்டுச் செல்போனுக்குத் திரும்பினாள்.

பெஞ்சுக்கு எதிரே சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய எண்ணெய் ஓவியம். வைகையில் தண்ணீர் போகிறது. ஒரு மாட்டுவண்டி ஆற்றைக் கடக்கிறது. கரையில் துவைப்பவர்களும் மூட்டை சுமப்பவர்களும் நிற்கிறார்கள். வலது கோடியில் கிழட்டு மருதமரம். வரைந்தவர் பெயர் தெரியவில்லை என்று கீழே அட்டையில் எழுதியிருந்தது. ஹெப்சிபா ஒருமுறை பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு என்று நினைத்துக்கொண்டாள். அதோடு அவளுக்கு அந்தப் படம் முடிந்துவிட்டது.

ஜூடுவுக்கு அந்தப் படம் அப்படி முடிந்துவிடவில்லை. இருட்டு கண்ணுக்கு இதமாக இருந்ததோ என்னவோ, எழுந்துபோய்ப் படத்துக்கு எட்டவே நின்றான். முகத்தை மெல்ல நகர்த்தி, நின்று, மறுபடி நகர்த்திப் பார்த்தான். பேங்க் காலண்டரில்கூடத் தேதியைத் தவிர எதையும் பார்க்காத மனிதன்.

"ஹெப்சி, இங்க வாயேன். மாடு ரெண்டும் ஒத்து இழுக்கல. வலத்து மாடு மிரளுது, கண்ணப் பாரு."

அவள் போய்ப் பார்த்தாள். உண்மைதான். அந்தக் கண்ணில் வெள்ளை விழி பிதுங்கித் தெரிந்தது. இவ்வளவு நேரம் அது வெறும் மாடாகத்தான் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"சக்கரத்தையும் வரைஞ்சிருக்கான் பாரு. தண்ணி தள்ளுற பக்கம் அச்சு சாஞ்சிருக்கு. வண்டி ஓட்டத் தெரிஞ்சவன்தான் இத வரைஞ்சிருக்கணும்." சக்கரத்தின் ஆரக்கால்களையும், இரும்புப் பட்டாவில் வழிந்த தண்ணீரையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு பார்வை வண்டிக்காரனிடம் ஏறியது. "ஆனா இந்த ஆளு ஏன் முன்னாடி பாக்காம இப்படிக் குனிஞ்சு கத்துறான்? அதுதான் புரியல."

"அந்தப் பிள்ளையப் பாத்துத்தான்."

"எந்தப் பிள்ளை?"

அவன் விளையாடுகிறான் என்றே முதலில் நினைத்தாள். "சக்கரத்துக்குப் பக்கத்துலயேங்க. செவப்புப் பாவாடை."

அவன் முகம் சக்கரத்துக்கு இறங்கி, அங்கேயே நின்று, கொஞ்சம் இடதுபுறம் நகர்ந்தது. முழங்கால் தண்ணீரில் ஒரு சின்னப் பெண்பிள்ளை. சக்கரத்துக்கும் அவளுக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை.

"இம்புட்டு நேரமும் இங்கதான் இருந்துச்சா?"

"படத்துல இருக்கிற பிள்ளை எங்க போகும்?" என்று ஹெப்சிபா சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவளுடைய சிரிப்பும் நின்றுபோனது.

அவன் சக்கரத்தைப் பார்த்தான். பிள்ளையைப் பார்த்தான். மறுபடி சக்கரத்தைப் பார்த்தான். பரிசோதனை செய்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. "காணோம்" என்றான் மெதுவாக. "சக்கரத்தப் பாத்தா பிள்ளையக் காணோம்."

"ஓரத்துல எல்லாம் கறுப்பாத் தெரியுதாங்க?"

"கறுப்பாத் தெரிஞ்சா நான் எப்பவோ டாக்டர்ட்ட போயிருப்பேனே. அப்படி இல்ல ஹெப்சி. எல்லாம் முழுசாத்தான் தெரியுது. தண்ணி இருக்கு, சக்கரம் இருக்கு. ஒண்ணு கொறையுதுன்னே தோணல."

விசேஷ வீட்டின் சந்தனத் தட்டு ஹெப்சிபாவின் நினைவுக்கு வந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்றிருந்தது. அதற்குள் அவனுடைய போன் அடித்தது. பள்ளிக்கூட மேனேஜர் இன்னாசிமுத்து. எடுத்து அவளிடம் கொடுக்கப் போகிறான் என்று நினைத்தாள். அவன் படத்திலிருந்து கண்ணை எடுக்காமலேயே பேசினான்.

"சொல்லுங்க சார்... இல்ல, நாளைக்கு நான் வரல. காய்ச்சல்லாம் ஒண்ணுமில்ல, கண்ணுதான். இனிமே நான் வண்டி ஓட்டக் கூடாது சார்." மறுபக்கம் நெடுநேரம் பேச்சு ஓடியது. "இல்ல சார். மெதுவாவும் ஓட்டக் கூடாது. நாளைக்கே வேற ஆளப் பாத்துருங்க."

போனைப் பைக்குள் வைத்தான். ஹெப்சிபா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். நெஞ்சிலிருந்து ஒரு கனம் இறங்கியது. அந்த இடத்தில் உடனே வேறொன்று வந்து ஏறியது. வேன் இல்லாத ஜூடு காலையில் எழுந்து என்ன செய்வான்? ஞாயிற்றுக்கிழமைகூட வேனைத் துடைக்கப் போகிறவன்.

செருப்புச் சத்தம் கேட்டது. தமிழ்ச்செல்வி அவர்களுக்குப் பின்னால் வந்து நின்று ஓவியத்தை எட்டிப் பார்த்தாள். "வண்டிக்காரன் கத்துறானாண்ணே? நான் பாட்டுப் பாடிட்டுப் போறான்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்."

"பாட்டா? கயித்தப் பாருங்கம்மா. எப்படி இழுத்துப் பிடிச்சிருக்கான்" என்றான் ஜூடு. கேட்டவளுக்குப் பதில் சொல்லும் ஆர்வம் குரலில் இருந்தது.

"அப்ப வண்டி நின்னுருமா?"

"தண்ணிக்குள்ள மாடு சொன்னதும் நிக்காது. ஆனா அவன் பிள்ளையப் பாத்துட்டான். அது போதும்."

"பாத்தா மட்டும் போதுமா? பிள்ளை நகரணும்ல?" என்றாள் தமிழ்ச்செல்வி. மூன்று பேரும் சற்று நேரம் அந்தச் சிவப்புப் பாவாடையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இதோட ஆத்தா எங்க?" என்றான் ஜூடு திடீரென்று. "இம்புட்டுத் தண்ணியில பிள்ளைய விட்டுட்டு எங்க போனா? எங்கிட்டாவது வரைஞ்சிருப்பான்."

அவன் தேடத் தொடங்கினான். கரையின் இடது கோடியிலிருந்து, துணி துவைப்பவர்களின் முதுகு, ஈரமான கல், மூட்டைக்காரனின் தலைப்பாகை என்று ஒவ்வொன்றாக. ஒவ்வொரு முகத்திலும் நின்று, அது இல்லை என்று உறுதி செய்துகொண்டு அடுத்ததற்குப் போனான். தமிழ்ச்செல்வி மணி பார்த்துவிட்டு ஜன்னல்களைச் சாத்தத் தொடங்கினாள். ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டே வந்தவள், ஓவியத்தை ஒட்டியிருந்த கடைசி ஜன்னலின் கொக்கியில் கை வைத்தாள். ஜூடுவைப் பார்த்தாள். கையை எடுத்துக்கொண்டு தன் நாற்காலிக்குப் போய்விட்டாள்.

கூடத்தில் அந்த ஒரு வெளிச்சம்தான் இருந்தது. ஹெப்சிபா இரண்டடி பின்னால் தள்ளி நின்று, முதன்முறையாகப் படம் முழுவதையும் பார்த்தாள். மருதமரத்தின் நிழலுக்குள், வெறும் வேர்கள்தான் என்று இவ்வளவு நேரமும் அவள் நினைத்திருந்த இடத்தில், ஒரு பெண் கூந்தல் அவிழ, இரு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு தண்ணீரை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தாள். சொல்ல வாயெடுத்த ஹெப்சிபா உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஜூடுவின் முகம் கரையோரமாக, ஆள் ஆளாக, மரத்தை நோக்கி மெல்ல நகர்ந்து கொண்டிருந்தது.