கூடையில் கிடந்த பதவிகள்

மாமல்லபுரத்தில் ஏசி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு கண்ணாடி வழியாகக் கடலைப் பார்ப்பதற்குப் பெயர் 'சக நிர்வாகிகள் கலந்துரையாடல் வட்டம்'. கல்லூரி, பல்கலைக்கழக நிர்வாகிகள் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இங்கே கூடுவார்கள். தங்கள் கஷ்டத்தைத் தங்களைப் போலவே கஷ்டப்படுகிறவர்களிடம் சொல்லி ஆறுதல் அடைவார்கள். நடுவில் இரண்டு முறை முந்திரி பிஸ்கட் வரும்.

செங்கல்பட்டுப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் நிர்வாக அலுவலர் ஜாக்குலினுக்கு இது முதல் தடவை. அவளாக வரவில்லை. இதில் கலந்துகொண்டால் கல்லூரியின் தரமதிப்பீட்டில் ஏதோ மதிப்பெண் ஏறுமாம், முதல்வர் அனுப்பிவைத்தார். மதிப்பெண் என்றால் மாணவர்களைவிட முதல்வர்களுக்குத்தான் நாக்கில் எச்சில் ஊறும்.

அவள் மனசு மட்டும் கல்லூரி ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாணவி ஷாரோனிடமே கிடந்தது. பி.காம். கடைசி வருஷம். குடல்வால் ஆபரேஷனில் ஒரு மாதம் படுத்துவிட்டாள், வருகை குறைந்துவிட்டது. மருத்துவச் சான்றிதழோடு விலக்கு கேட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி இருபத்து மூன்று நாளாகிறது, கிணற்றில் போட்ட கல்தான். நாளைக் காலை பத்து மணிக்குப் பரீட்சை. இன்றைக்குள் அனுமதி வராவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது, ஒரு வருஷம் வீண். கல்பாக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து காத்திருந்தவளிடம், "இரும்மா, இன்னிக்கு எப்படியும் வாங்கிடலாம்" என்று சொன்னாள் ஜாக்குலின். கிளம்புகிற அவசரத்தில் கிளார்க் கார்த்தியிடமும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள். கல்லூரி முத்திரையை யாரையும் நம்பி விடுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. அது கைப்பையில் அவளோடேயே வந்தது.

அறை வாசலில் ஒரு பிரம்புக் கூடை. நெறியாளர் அருணகிரி பக்கத்தில் நின்றார். கூடுவாஞ்சேரிக்காரர், முன்னாள் முதல்வர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பேச்சிலிருந்து பெறாதவர்.

"அடையாள அட்டை, செல்போன் எல்லாம் கூடையில போடுங்க. பதவி வெளியே, மனுஷன் உள்ளே!"

விதிகள் இன்னும் இருந்தன. எந்தக் கல்லூரி, எந்த ஆள் என்று பெயர் சொல்லக் கூடாது. ஒருவர் தன் பிரச்சினையைச் சொல்வார், மற்றவர்கள் கேள்வி மட்டும் கேட்கலாம். தீர்வு சொல்லவே கூடாது. இதை வகுத்தவர் அனுபவசாலியான நிர்வாகியாகத்தான் இருக்க வேண்டும் என்று ஜாக்குலினுக்குப் பட்டது.

மத்தியானம் மூன்றரைக்கு, கட்டம்போட்ட சட்டைக்காரர் ஒருவரின் முறை வந்தது. பெருமூச்சு விட்டுவிட்டு ஆரம்பித்தார்.

"ஒரு அம்மா சார். எந்த காலேஜுன்னு சொல்லமாட்டேன். இருபத்து மூணு நாளா தெனம் போன் பண்ணிக்கினே கீறாங்க. எவளோ ஒரு பொண்ணுக்கு அட்டெண்டன்ஸ் விலக்கு வேணுமாம். 'சார் மீட்டிங்ல கீறாரு'ன்னு சொல்லிச் சொல்லி என் அசிஸ்டெண்டுக்கு நாக்கே வறண்டுபோச்சு. இன்னா பேஜாரு தெரியுமா?"

வட்டம் முழுக்க "த்சொ, த்சொ" என்றது. சங்கரி என்ற இன்ஜினீயரிங் கல்லூரிப் பதிவாளர் கனிவோடு கேட்டார்: "அந்தம்மா போன் வந்துச்சுன்னா ஒடம்புல எந்த எடத்துல இறுக்கம் தெரியுது?"

"கழுத்துல."

அருணகிரி வெள்ளைப் பலகையில் 'கழுத்து' என்று எழுதிக் கோடும் போட்டார்.

அந்த அம்மா தான்தான் என்று ஜாக்குலினுக்கு உடனே புரிந்தது. வெண்ணெயைப் பக்கத்து நாற்காலியில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறாள். தினமும் "மீட்டிங்" என்றார்களே, அந்த மீட்டிங்கின் லட்சணம் இதுதானா? கையைத் தூக்கினாள். விதிப்படி கேள்விதான் கேட்டாள்.

"அந்த ஃபைல ஓகே பண்ண எவ்ளோ நேரம் ஆவும் சார்?"

"ஒரு நிமிஷம்கூட ஆவாது. ஆனா இங்க நான் அந்த ஆளு இல்லியே மேடம். பதவிதான் வெளிய கீதே."

அவள் எழுந்து போனாள். கூடையைக் கிளறி, அவர் முகம் போட்ட அட்டையைத் தேடி எடுத்தாள். 'தாமோதரன், துணைப் பதிவாளர்.' கூடையோடு கொண்டுவந்து அவர் கழுத்தில் மாட்டினாள். பிறகு, "இதுல எது உங்க போனு?" என்று கேட்டு, அவர் காட்டியதைக் கையில் திணித்தாள்.

"இப்ப அந்த ஆளு ஆயிட்டீங்க. நான்தான் அந்தம்மா. கழுத்துலதான இறுக்கம்? ஓகே பண்ணிடுங்க, போயிடும்."

"மேடம், மேடம்!" என்று பதறினார் அருணகிரி. "இது தீர்வு! இங்க தீர்வுக்கு எடமில்ல!"

தாமோதரன் இப்படியும் அப்படியும் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, போனில் பல்கலைக்கழகத் தளத்தைத் திறந்து 'அனுமதி' என்று தட்டினார். நாற்பது விநாடி. இருபத்து மூன்று நாள் வேலை முடிந்தது.

ஜாக்குலினுக்குப் பெருமை தாங்கவில்லை. தன் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, அங்கேயே நின்று ஆபீசுக்கு அடித்தாள். ஆபீசில் இருப்பது பழைய லேண்ட்லைன், கூப்பிடுவது யார் என்று காட்டாது. "ஹலோ" என்பதற்குள் கார்த்தியின் குரல் வந்தது.

"மேடம் மீட்டிங்ல கீறாங்க. திங்கக்கெழம பண்ணுங்க." டொக்.

மறுபடி அடித்தாள். "கார்த்தி, வெச்சிடாத, நான்தான். ஷாரோன் எங்க?"

"அந்தப் பொண்ணா மேடம்? தொணதொணன்னு கேட்டுக்கினே இருந்துச்சு. மேடம் மீட்டிங்ல கீறாங்க, திங்கக்கெழம வான்னு அனுப்சிட்டேன்."

"அப்பிடிச் சொல்லச் சொல்லி யாரு சொன்னது?"

"நீங்கதான் மேடம். கார் ஏறும்போது, யாரு கேட்டாலும் இதையே சொல்லுன்னீங்களே."

அறையில் எல்லோருக்கும் அது கேட்டது. ஜாக்குலினுக்கு அவமானமாக இருந்தது. கழுத்தில்தான் முதலில் தெரிந்தது. தாமோதரன் போனில் அந்த விண்ணப்பத்தைத் திறந்து, அதிலிருந்த ஷாரோனின் நம்பரை மெதுவாகப் படித்துக் காட்டினார்.

பஸ் இரைச்சலுக்கு நடுவே ஷாரோன் எடுத்தாள். திருக்கழுக்குன்றம் வந்துகொண்டிருக்கிறதாம்.

"அங்கயே எறங்கிக்க கண்ணு. அனுமதி வந்துடுச்சு. நான் வரேன். ஏதாவது பிரவுசிங் சென்டர்ல ஹால் டிக்கெட்ட பிரிண்ட் எடுத்துக்கலாம், சீல் எங்கிட்டயே கீது."

அந்தப் பெண், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்.

"மீட்டிங்க பாதில உட்டுட்டு வராதீங்க மேடம். முடிச்சிட்டே வாங்க. எனக்கு வெயிட் பண்ணிப் பழக்கம்தான்."