முகத்தின் மேல் ஒட்டிய சிரிப்பு

பெக் லியான் அன்று காலைக் கோப்பியை முழுதாகக் குடிக்கவில்லை. புக்கிட் மெர்த்தாஜாம் சந்தைக்கு எதிர்க்கடையில் உட்கார்ந்து, ரொட்டியை அரைவேக்காட்டு முட்டையில் தோய்த்து வாய்க்குக் கொண்டுபோனவள், கைப்பேசியில் அந்தப் படத்தைப் பார்த்தாள். ரொட்டி தட்டிலேயே விழுந்தது.

படத்தில் ஒரு பெண்ணும் ஒரு சிறுமியும் வீட்டு வாசலில் சாவியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேர் முகத்தின் மேலும் பல்லைக் காட்டிச் சிரிக்கும் மஞ்சள் வட்டம் ஒட்டியிருந்தது. மேலே கொட்டை எழுத்தில், “வாடகைக்குப் போய்விட்டது! சுங்கை பட்டாணியிலிருந்து வந்திருக்கும் நர்ஸ் அம்மாவுக்கும் குட்டி மகளுக்கும் வாழ்த்துகள்! மெலோர் அடுக்குமாடியில் இன்னும் சில வீடுகளே பாக்கி. முந்துங்கள்!” என்று எழுதியிருந்தது. கீழே ரேமண்ட் சியா வீட்டுத் தரகு நிறுவனம். பெக் லியான் பதினாறு வருடமாக வேலை பார்க்கும் இடம்.

படத்தை எடுத்தவளே அவள்தான்.

வீட்டை ஒப்படைக்கும்போது குடிவருகிறவரைச் சாவியோடு வாசலில் நிற்க வைத்துப் படம் எடுப்பது அலுவலக விதி. நாளைக்கு, “எனக்கு ஒரு சாவிதான் கொடுத்தீர்கள், கேட் அட்டையே கொடுக்கவில்லை” என்று யாரும் பேச்சை மாற்றக் கூடாது அல்லவா? அதற்கு ஒரு சாட்சி, அவ்வளவுதான். அந்த நர்ஸ் ஹஸ்லிண்டா அன்று படம் வேண்டாம் என்றுதான் சொன்னாள். சுங்கை பட்டாணியில் இருந்த புருஷனிடமிருந்து தப்பி வந்தவள் அவள். போலீசில் கொடுத்த புகாரையே எடுத்துக் காட்டியிருந்தாள். சுஃபியான் என்ற அந்த ஆள் அவள் கையை எப்போது முறித்தான், மகளை எந்தக் குளியலறையில் பூட்டினான் என்றெல்லாம் அதில் இருந்தது. ஷரியா நீதிமன்றத்தில் விவாகரத்து வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தது.

“பயப்படாதே, இது ஃபைலை விட்டு வெளியே போகாது. என் வாக்கு” என்று பெக் லியான் சொன்னாள். அந்த வாக்கை நம்பித்தான் ஹஸ்லிண்டா சாவியைத் தூக்கிப் பிடித்தாள். பக்கத்தில் நின்ற மகள் அலிஷாவும் சேர்ந்து பிடித்தாள்.

பெக் லியான் காரை அலுவலக வாசலில் கோணலாக நிறுத்திவிட்டு உள்ளே போனாள். ரேமண்ட் சியா கண்ணாடி அறையில் உட்கார்ந்து, போட்ட படத்துக்கு எத்தனை விருப்பம் விழுந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்தான், பெருநாளுக்கெல்லாம் எல்லாருக்கும் பணம் வைத்துக் கவர் கொடுப்பார். ஆனால் எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று நினைக்கிற ஜாதி.

“பாஸ், அந்தப் படத்த யாரக் கேட்டுப் போட்டீங்க?”

“எந்தப் படம்? ஓ, நர்ஸ் படமா? சூப்பரா போகுது லா! காலையிலேயே மூணு பேரு கூப்பிட்டுட்டாங்க.”

“அந்தப் பொண்ணு ஒளிஞ்சு வந்துருக்கா. ஃபைல்ல சிவப்புப் பேனாவுல எழுதி வச்சேனே, கண்ணு எங்க போச்சு?”

ரேமண்ட் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “அதான் முகத்த மறைச்சுட்டேனே! வீட்டு நம்பரக் கூட வெட்டித் தூக்கிட்டேன். சட்டம் எனக்கும் தெரியும். அங்க பாரு.” சுவரைக் காட்டினார். வாடிக்கையாளரின் தனிப்பட்ட விவரங்களை நாங்கள் கண்ணெனக் காப்போம் என்று கண்ணாடிச் சட்டத்துக்குள் மூன்று மொழிகளில் மாட்டியிருந்தது.

“எட்டு வருஷம் கூட வாழ்ந்தவனுக்கு முகம் எதுக்கு பாஸ்? நிக்கிற நிலை போதும். பின்னாடி ஆரஞ்சு கலர் கிரில் தெரியுது. கட்டடத்துப் பேரு போட்டுருக்கீங்க. ஊரப் போட்டுருக்கீங்க. வேலையப் போட்டுருக்கீங்க. பொண்ணு இருக்குன்னு போட்டுருக்கீங்க. இனி அவ ரத்த வகை மட்டுந்தான் பாக்கி!”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன்கூட இவ்வளவு தெம்பாக உட்கார்ந்திருக்க மாட்டான். ரேமண்டுக்குத் தான் செய்தது என்னவென்று உண்மையிலேயே புரியவில்லை. இந்தத் தொழிலில் பலருக்குப் புரிவதில்லை. முகத்தில் ஒரு மஞ்சள் உருண்டையை ஒட்டிவிட்டால் அந்த மனுஷியே மறைந்துவிட்டாள் என்று நினைப்பு.

“சரி, எடுத்துடறேன். காலங்காத்தாலே கத்தாதே” என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் படத்தை நீக்கினார். ஆனால் அதற்கு முன்னாலேயே மற்றத் தரகர்கள் தங்கள் குழுக்களுக்கு அதை அனுப்பியிருந்தார்கள். சுங்கை பட்டாணி வீட்டுச் சந்தைக் குழுவில் ரேமண்டே கைப்படப் போட்டிருந்தார். அந்த ஊர்க்காரர்கள் பார்த்தால்தானே வியாபாரம்!

பெக் லியான் ஹஸ்லிண்டாவை அழைத்தாள். எடுக்கவில்லை. அவள் வேலை பார்க்கும் டயாலிசிஸ் நிலையத்தில் காலை நேரத்தில் நர்ஸ்கள் கைப்பேசியைத் தொட முடியாது. உடனே கூப்பிடு என்று செய்தி அனுப்பினாள். நிலையத்தின் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கும்போதே கதவு மணி அடித்தது.

உள்ளே வந்தவனுக்கு நாற்பது வயதிருக்கும். தேய்த்த சட்டை, வாசனைத் தைலம், கையில் மெல்லிய ஃபைல். சலாம் சொல்லிவிட்டு, செருப்பை வாசலிலேயே கழற்றட்டுமா என்று கேட்டான். அத்தனை பணிவு.

“வாங்க வாங்க, செருப்போட வாங்க!” ரேமண்ட் கண்ணாடி அறையை விட்டே எழுந்து வந்துவிட்டார்.

“மெலோர் அடுக்குமாடியில வீடு இருக்குன்னு ஃபேஸ்புக்ல பார்த்தேன், பாஸ். எனக்கும் ஒண்ணு வேணும். அந்தப் படத்துல நர்ஸ் நிக்கிறாங்கள்ல, அதே மாடியில கிடைக்குமா? அங்கேருந்து பார்த்தா காத்தோட்டமா இருக்கும் போல.”

“ஏழாவது மாடிதானே? கிடைக்கும் கிடைக்கும். நல்ல காத்து.”

பெக் லியான் கைப்பேசியோடு அப்படியே நின்றாள். காதில் விழுந்தது நிஜந்தானா என்று அவளுக்கு ஒரு நிமிடம் சந்தேகமாக இருந்தது. ரேமண்ட் அதற்குள் விண்ணப்பப் பாரத்தை எடுத்து நீட்டியிருந்தார். பெயர், இனம், வேலை, எத்தனை பேர் என்று குடிவருகிறவரிடம் கேட்கிற வழக்கமான கேள்விகள். வந்தவன் ஃபைலிலிருந்து தன் அடையாள அட்டையின் நகலை எடுத்தான். கொடுப்பதற்கு முன் மேசையில் வைத்து, பேனாவால் அதன் குறுக்கே இரண்டு கோடுகளை நேராக இழுத்தான். நடுவில், ‘வாடகை விஷயத்துக்கு மட்டும்’ என்று அழகான கையெழுத்தில் எழுதினான். ஊரில் விவரம் தெரிந்தவர்கள் எல்லாரும் செய்வதுதான். நகலை எவனாவது கடன் வாங்கப் பயன்படுத்திவிடக் கூடாதே.

“மன்னிச்சுக்குங்க பாஸ், தப்பா நினைக்காதீங்க. காலம் கெட்டுக் கிடக்கு. என்னோட விவரம் வெளிய போகாதில்ல?”

“சேச்சே! எங்க கிட்ட அந்தப் பேச்சுக்கே இடமில்ல” என்று ரேமண்ட் சுவரைக் காட்டினார்.

பெக் லியான் கிட்டே போய் நகலைப் பார்த்தாள். கோடுகளுக்கு நடுவே பெயர் தெளிவாகத் தெரிந்தது. சுஃபியான்.

மகளைக் குளியலறையில் பூட்டியவன் தன் அட்டையின் நகலுக்கு எத்தனை பாந்தமாகப் பூட்டுப் போடுகிறான்!

“உன் பொண்டாட்டியோட முறிஞ்ச கைக்கு எத்தன கோடு போட்டே?” என்றாள்.

சுஃபியானின் முகத்தில் பணிவு அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறியது. “யாருங்க இந்த அம்மா? நான் வீடு பாக்க வந்தேன், பாஸ்.”

“வீடு பாக்க வந்த மூஞ்சியப் பாரு! வெளிய போடா!”

“பெக் லியான்!” ரேமண்டின் குரல் கீச்சிட்டது. “கஸ்டமர் கிட்ட என்ன பேச்சு இது!”

சுஃபியான் மெதுவாக எழுந்தான். மேசை மேலிருந்த மெலோர் அடுக்குமாடி விளம்பரத் தாளில் ஒன்றை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். “பரவால்ல பாஸ். நான் நேர்ல போய் மாடியப் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போனான். நகலை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டான். அல்லது, அவசரத்தில் அது பெரிதாகத் தோன்றவில்லை.

பெக் லியான் அந்த நகலைக் கைப்பேசியில் படம் எடுத்தாள்.

“என்ன பண்றே?”

“போலீசுக்கு அனுப்பறேன். அவளுக்கும் அனுப்பறேன்.”

ரேமண்ட் பாய்ந்து வந்து நகலின் மேல் கையை வைத்தார். “பைத்தியமா உனக்கு? அதுலயே எழுதிருக்கான், வாடகைக்கு மட்டும்னு. அந்த ஆளோட தனிப்பட்ட விவரம் அது. வெளிய அனுப்பினா சட்டப்படி குத்தம். அபராதம் யாரு கட்டறது? நானே உன் மேல புகார் குடுக்க வேண்டி வரும். உன் தரகர் அட்டை போயிடும்.”

பதினாறு வருடத்தில் இந்த மனிதர் வாயிலிருந்து அந்தச் சட்டம் சொல்வது ஒழுங்காக வந்தது அன்றுதான். ஒளிந்து வந்தவளின் வாசலை ஊருக்கெல்லாம் விரித்துக் காட்டியபோது வராத சட்டம், அடித்துவிட்டுத் தேடி வந்தவனுக்குக் குடை பிடிக்க ஓடோடி வந்துவிட்டது. பெக் லியான் கழுத்தில் தொங்கிய அந்தத் தரகர் அட்டையைக் கழற்றினாள். அவர் முகத்தில் எறியத்தான் கை ஓங்கியது. எறியவில்லை, மேசையில் வைத்தாள்.

“தாராளமா குடுங்க. குடுக்கறப்ப, ஏழாவது மாடின்னு சொன்னது யாருன்னும் சேர்த்து எழுதுங்க.”

காரில் ஏறியதும் டயாலிசிஸ் நிலையத்தின் எண்ணுக்கு அடித்து, ஹஸ்லிண்டாவைக் கூப்பிடச் சொல்லி அடம்பிடித்தாள். “வீட்டுக்குப் போகாதே. நேரா பள்ளிக்கூடத்துக்குப் போய் பாப்பாவக் கூட்டிக்க” என்றாள். மறுமுனையில் ஹஸ்லிண்டா எப்படி, ஏன் என்று ஒன்றும் கேட்கவில்லை. “வந்துட்டானா?” என்று மட்டும் கேட்டாள்.

நகலின் படத்தை அனுப்பியதும் போலீஸ் போகத்தான் செய்தது. ஏழாவது மாடிப் படிக்கட்டில், ஆரஞ்சு கிரில் தெரிகிற மாதிரி உட்கார்ந்து, சுஃபியான் விளம்பரத் தாளால் விசிறிக்கொண்டிருந்தான். சார்ஜன்ட் கேட்டபோது எழுந்து நின்று, கை கட்டிப் பதில் சொன்னான். வாடகைக்கு வீடு பார்க்க வந்தேன், தரகர்தான் இந்த மாடியைச் சொன்னார், இதோ தாள், இதோ அவர் நம்பர். சார்ஜன்ட் அந்த எண்ணுக்கே அடித்தார். ஆமாம், எங்கள் வாடிக்கையாளர்தான் என்று ரேமண்ட் சொன்னார். அவன் இன்னும் யாரையும் தொடவில்லை, கதவைத் தட்டவில்லை, அவன் அவளை நெருங்கக் கூடாது என்ற நீதிமன்றத் தடையும் இன்னும் கையில் இல்லை. எச்சரித்து அனுப்பிவிட்டார்கள்.

“அவன் திரும்ப வருவான் சார்” என்றாள், போலீசோடு மாடிக்கு வந்திருந்த பெக் லியான்.

“வந்தா கூப்பிடுங்க அம்மா” என்றார் சார்ஜன்ட். அவரும் பாவம், சட்டம் கொடுத்த கையைத்தான் நீட்ட முடியும். பெக் லியானுக்கு அவர் மேலும் ஆத்திரமாக வந்தது.

அன்று மாலையே ஹஸ்லிண்டா வீட்டைக் காலி செய்தாள். கீழே ஒரு போலீஸ்காரர் காவலுக்கு நின்றார். குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜன்னல் திரைகளைப் போன வாரம்தான் மாட்டியிருந்தாள். அவற்றை அவள் கழற்றவில்லை. துணியையும் மகளின் பள்ளிப் புத்தகங்களையும் மட்டும் இரண்டு பைகளில் திணித்தாள். அலிஷா சோற்றுக் குக்கரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். பெக் லியான் பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே, வாய் ஓயாமல் ரேமண்டைத் திட்டினாள்.

“விடப் போறதில்ல அந்த ஆள. புகார் குடுப்பேன். தரகர் வாரியத்துக்கு எழுதுவேன். அந்தக் கண்ணாடிச் சட்டத்த அவன் தலையிலயே உடைப்பேன். வைப்புத் தொகையில ஒரு வெள்ளி குறைஞ்சாலும் என்னைக் கேளு. நீ கவலப்படாதே. இப்ப எங்க போறே?”

கேள்வி வாயை விட்டு வந்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. ஹஸ்லிண்டா பையின் வாயை இழுத்து மூடினாள். நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் கூடப் பெக் லியான் தாங்கியிருப்பாள்.

“அக்கா, நீங்க நல்லவங்க. அது எனக்குத் தெரியும். அன்னிக்கும் நல்லவங்களாத்தான் இருந்தீங்க” என்றாள் ஹஸ்லிண்டா. “ஆனா சொல்ல மாட்டேன்.”

பெக் லியான் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். “சொல்லாதே” என்றாள். “நான் காலப் புடிச்சுக் கேட்டாலும் சொல்லாதே.”

“என் நம்பரயும் அழிச்சிடுங்க.”

பெக் லியான் அவள் கண் முன்னாலேயே அழித்தாள். எண், செய்திகள், சாவியோடு நின்ற அந்தப் படம், எல்லாம். ஹஸ்லிண்டா பக்கத்தில் நின்று கடைசிவரை பார்த்தாள். ஒன்றுகூட மிச்சமில்லை என்று தெரிந்த பிறகுதான் மகளின் கையைப் பிடித்தாள்.

கீழே ஒரு கார் வந்து ஹாரன் அடித்தது. லிஃப்ட் கதவு மூடியது. நடைபாதைச் சுவரோரம் போய் எட்டிப் பார்த்திருந்தால் காரின் நிறம், எண், அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று எல்லாம் தெரிந்திருக்கும். பெக் லியான் எட்டிப் பார்க்கவில்லை. காலி வீட்டுக்குள் போய், பல்லைக் கடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள், கார்ச் சத்தம் ஓயும் வரைக்கும்.