பாதிச் சொல்லுக்குக் காத்திருக்கும் கடல்

கடலூர் முதுநகர்க் கடல் ஆங்கிலம் கற்றுக்கொண்டது, குப்பத்துச் சுவேதா வெளிநாட்டு மேற்படிப்புத் தேர்வுக்காகச் சொற்களை மனப்பாடம் செய்த ஆண்டில். அதே ஆண்டில்தான் வஞ்சிரம் விலை ஏறியது. ஐஸ் விலை அதைவிட ஏறியது. ஆகவே கடல் படித்த செய்தியை ஊர் உடனே கவனிக்கவில்லை. சுவேதா அண்ணாமலை நகரில் ஒரு லாட்ஜில் தங்கி, மாலையில் சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து மாடியில் ராஜவேல் நடத்திய வகுப்புக்குப் போய்வந்தாள். அங்கே விற்ற சரக்கு, ஆங்கிலேயர்களே பரணில் போட்டுவிட்டு மறந்த சொற்கள். வாய்விட்டுப் படிக்காத சொல் மண்டையில் தங்காது என்பது ராஜவேலின் கொள்கை. சிதம்பரத்தில் அவள் வாய்விட்டுப் படித்ததில் ஆட்டோக்காரர்கள் தலையைத் தூக்கிப் பார்த்ததைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. சனி, ஞாயிறுகளில் ஊருக்கு வந்து, அலை காலைத் தொடும் இடத்தில் நின்று படித்தாள். கடலும் கூடவே படித்திருக்கிறது.

படகு கடலில் இருக்கும்போது குப்பத்து வீடுகளில் சில பேச்சுகள் கிடையாது. போகிறேன் என்று யாரும் சொல்வதில்லை, வருகிறேன் என்றுதான் சொல்வார்கள். விளக்கை அணைப்பதில்லை, குளிர வைப்பார்கள். அரிசி தீர்ந்தால் நிறைந்திருக்கிறது என்பார்கள். கடலுக்குக் காது உண்டு என்பதை அங்கே யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கட்டுப்பாடெல்லாம் தமிழுக்குத்தான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். சுவேதாவின் தாய் ராஜாமணி துறைமுகத்தில் மீன் ஏலம் போடுகிறவள். ஏமாற்றுகிற வியாபாரியின் கண்ணிமை துடிப்பதை வைத்தே விலையைக் கண்டுபிடிப்பவள். அவளே, “இங்கிலீஷ்தானே, எவ்ளோ வேணா கத்திக்க. கடலுக்கு என்னா தெரியப்போவுது” என்று அனுமதி கொடுத்தாள்.

முதலில் வந்தது இலாபம். மழைக்குப் பின் எழும் மண்வாசனைக்கு ஆங்கிலத்தில் பெட்ரிகோர் என்று பெயர். அதை அவள் படித்த அன்று, கத்திரி வெயில் உச்சியில், அவர்கள் வீட்டைச் சுற்றி மட்டும் மண் மணத்தது. உடைந்த கப்பலிலிருந்து மிதந்து வருபவை ஃப்ளாட்ஸம். கப்பலின் பாரம் குறைக்கத் தூக்கி எறியப்பட்டவை ஜெட்ஸம். அவள் அவற்றைப் படித்த மறுநாள் காலை இரண்டும் தனித்தனிக் குவியலாகக் கரையில் கிடந்தன, ஒன்றோடொன்று கலக்காமல். பலகை, கயிறு, செருப்பு, நல்ல நிலையில் ஒரு நாற்காலி. நாற்காலியைப் பக்கத்து வீட்டு முத்தம்மாள் தூக்கிப்போனாள். அவள் கணவன் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு புயலில் போனவன். கடல் தனக்கு ஏதோ பாக்கி வைத்திருக்கிறது என்பது அவள் கணக்கு. “உம் பொண்ணு இன்னும் நாலு வார்த்த படிச்சா பீரோவே வந்துடும்டி” என்றாள். நாணயமாக விலை கொடுக்கிறவனை யாரும் சந்தேகிப்பதில்லை. சந்தேகிக்க வேண்டியவனும் அவன்தான்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு, சுவேதாவின் தகப்பன் கலியபெருமாள் தனியாகக் கடலுக்குப் போனான். உடன் போகிற மச்சான் அண்ணாகிராமத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான். அன்று சுவேதா படித்த சொல் டெரிலிக்ட்: கைவிடப்பட்டு, ஆளில்லாமல் மிதக்கும் கலம். அதன் பொருளைத் தமிழில் சொல்ல அந்தக் கரையில் எவருக்கும் நாக்கு எழாது. அவள் ஆங்கிலத்தில் அதை மனப்பாடமாகும்வரை சொன்னாள். திங்கள் விடியும்போது கலியபெருமாளின் ஃபைபர் படகு தானாக வந்து மணலில் ஏறி நின்றது. வலை ஈரமாகவில்லை. தூக்குச் சட்டியில் சோறு அப்படியே இருந்தது. ஆள் இல்லை.

சுவேதா அழுதுகொண்டே அந்தச் சொல்லின் பொருளைத் தாயிடம் சொன்னாள். ராஜாமணி அழவில்லை. ஏலத்தில் மனசை முகத்தில் காட்டினால் விலை விழுந்துவிடும் என்பது அவளுக்கு ரத்தத்தில் ஊறியது.

“அதுக்கு வார்த்த மேல ஆச வந்துடுச்சு. ஆச வந்தவன்கிட்டதான் பேரம் பேச முடியும். கடலப் பத்தின வார்த்தயே எதுனா வெச்சிருக்கியா?”

“எதுக்கும்மா?”

“தன்னப் பத்திப் பேசுனா எவனுக்கும் காது நீளும்டி.”

ஒன்று இருந்தது. அலை கரையைத் தொட்டுத் திரும்புகையில் எழும் ஓசைக்கான சொல். அதை இங்கே எழுதுவதற்கில்லை. இந்தக் கதையைக் கடலோரத்தில் யாராவது வாய்விட்டுப் படிக்கக்கூடும். ராஜாமணி மகளை அலைக்கு முன் நிறுத்தி, “பாதிய சொல்லு. மீதிய முழுங்கிடு. சரக்க காட்டிட்டு கூடைய மூடிடணும்” என்றாள். சுவேதா பாதியைச் சொல்லி வாயை மூடினாள். அலை நின்றது. பிறகு தாயும் மகளும் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார்கள். வாங்க வந்தவன் பின்னால் வருவதுபோல் கடல் தெருவுக்குள் வந்தது. முத்தம்மாள் வீட்டைத் தாண்டி, கோழிக்கூண்டைத் தாண்டி, இவர்கள் வாசற்படியில் முட்டி நின்றது. ராஜாமணி கதவுக்குக் குறுக்கே கைநீட்டி, “ஆளு மொதல்ல” என்றாள்.

முழங்கால் தண்ணீரில் கலியபெருமாள் நடந்துவந்தான். தலைமுடி நனையவில்லை. தேநீர் கேட்டான். குடித்து முடித்தபின் ஒரே ஒரு விவரம்தான் சொன்னான்: “நம்ம சனம் பூரா அங்கதான் குந்திக்கினு இருக்குது. புயல்ல போனவுங்க, சுனாமில போனவுங்க, எல்லாரும். வார்த்த படிக்கிறாங்க.”

மீதிப் பாதியை ராஜாமணி கொடுக்கவிடவில்லை. கொடுத்தால் வியாபாரம் முடிந்துவிடும். முடிந்தால் படகுகளுக்கு யார் பொறுப்பு? அந்த ஆண்டிலிருந்து குப்பத்தில் ஒரு படகும் ஆளை விட்டுவிட்டு வந்ததில்லை. தேர்வில் அதே சொல் வந்தது; சுவேதா அந்தக் கேள்வியை விட்டுவிட்டாள். அப்படியும் வெளிநாட்டில் இடம் கிடைத்தது. சரக்கு இருக்கும் இடத்தில்தான் வாங்குகிறவன் நிற்பான் என்பதால் அவள் போகவில்லை. இப்போது குப்பத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறாள். ஆங்கிலம் வேண்டுமென்றால் சிதம்பரத்துக்கு அனுப்புகிறாள். தூக்கத்தில் பேசிவிடக்கூடாதென்று வாயில் துணி கட்டிக்கொண்டு படுக்கிறாள். பெண்பார்க்க வருகிறவர்களிடமும் அது முதலிலேயே சொல்லப்படுகிறது.

ஒவ்வொரு மாலையும் கடல் தெருமுனைவரை வந்து நிற்கிறது. சொல்லின் முதல் பாதியைச் சொல்லி, அதனோடு ஏதேதோ பின்பாதிகளை ஒட்டிப்பார்க்கிறது. அது ஒரு குரல் அல்ல, பலருடைய குரல். அவற்றில் தன் வீட்டுக்காரனின் குரலை முத்தம்மாள் அடையாளம் கண்டிருக்கிறாள். கடல் கொடுத்த நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்து கேட்கிறாள். “அந்தாளுக்கு எங்க வரப்போவுது? ரேஷன் கார்டுலயே கைநாட்டுதான்” என்பாள். ஆனால் எழுந்து போகமாட்டாள்.

சென்ற வாரம் ஒரு மாலை, சுவேதா கோலப்பொடி டப்பாவைக் கையிலிருந்து தவறவிட்டாள். ராஜாமணி மகளின் முகத்தைப் பார்த்தாள். கடல் அந்தச் சொல்லுக்கு எவ்வளவு நெருக்கத்தில் வந்துவிட்டது என்று கேட்கவில்லை. கடல் அந்தப் பின்பாதியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனதும், டப்பாவை எடுத்து மாடத்தில் வைத்தாள். உள்ளே கலியபெருமாள் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, “வரேன்” என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள்.