இரண்டு சரி

தேயிலை விலை சரிந்து, குன்னூரில் மூன்றாவது ஃபேக்டரியும் மூடிய வாரம், தரணிதரன் 'தளிர்' மொழியை ஒரு பெங்களூர் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

தளிர், கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதும் மொழி. தொடங்கியவர் தரணிதரன். ஐந்து வருடமாகச் சம்பளமில்லாமல் வளர்த்தவர்கள், அருவங்காட்டில் கிளார்க்காக இருக்கும் ஜானகியும், நடுவட்டம் லோகுவும், முகம் தெரியாத இன்னும் சிலரும். யாரும் எடுத்துத் திருத்தலாம்; ஆனால் திருத்தம் மொழியில் சேர, இரண்டு பேர் 'சரி' என்று எழுத வேண்டும். அந்த விதியும் தரணிதரன் போட்டதுதான்.

ஜானகி, குன்னூரில் அவர் வழக்கமாக உட்காரும் பிரவுசிங் சென்டரிலேயே அவரைப் பிடித்தாள்.

"ஏனுங்க, போன மாசம் நான் ஒரே ஒரு கமாவ மாத்துனேன். ரெண்டாவது சரி வரலைன்னு பதினோரு நாள் நிறுத்தி வெச்சீங்க. இப்ப மொழியவே தூக்கிக் குடுத்திருக்கீங்க. ரெண்டாவது சரி ஆருங்க சொன்னது?"

பெயரும் இணைய முகவரியும் தன் பேரில்தானே இருக்கின்றன என்றார் அவர். உண்மைதான். முகவரியைப் பதிந்தபோது வெளிநாட்டுக்குப் பணம் கட்டும் கார்டு அவரிடம் மட்டும் இருந்தது, யாரும் யோசிக்கவில்லை. தான் வேலை பார்த்த ஃபேக்டரி மூடிவிட்டதையும், கம்பெனி வேலை தருவதையும் மெல்லச் சொன்னார்.

"வேலைக்குப் போங்க, ஆரு வேண்டாங்கறா. எங்க உழைப்பையும் எதுக்குங்க பெட்டியில வெச்சு எடுத்துட்டுப் போறீங்க?"

"நான் எழுதுனதும்மா."

"மொத நானூறு வரி. இப்ப முப்பதாயிரம் இருக்குதுங்க."

அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் கம்பெனியின் அறிவிப்பு வந்தது: எந்தத் திருத்தம் சேரும் என்பதை இனி கம்பெனியே முடிவு செய்யும். லோகு பஸ் பிடித்து வந்தான். பெயர்தான் போயிற்று, யாரும் எடுக்கலாம் என்றே எழுதிய வரிகளை எடுத்துக்கொள்ள யாரையும் கேட்க வேண்டியதில்லை என்றாள் ஜானகி. அத்தனையையும் ஒரு சிடியில் ஏற்றினார்கள். புதுப் பெயருக்கு லோகு தன் ஊரைச் சொன்னான்.

"நடுவட்டம்னு வெச்சுடுங்கக்கா. எந்தக் கம்பெனிக்காரனும் வாங்கமாட்டான்."

முகம் தெரியாதவர்களில் ஒருவரையும் சேர்த்து, முகவரியை மூன்று பேர் பெயரில் பதிந்தார்கள். ஜானகி 'சரி' என்று எழுதினாள். லோகுவும் எழுதினான்.

வாரக் கடைசியில் நடுவட்டம் மொழிக்குத் தரணிதரனிடமிருந்து ஒரு திருத்தம் வந்தது. நல்ல திருத்தம். கூடவே, தானே அதற்கு ஒரு சரி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார்.

ஜானகி எழுதினாள்: "திருத்தம் அனுப்புங்க. சரி நாங்க சொல்றோம்."