மூன்று மணிக்கு எழுதியது யார்

கோபம் வந்தால் ஜெனிட்டா கூடுவாஞ்சேரிக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். ஒரு பையும் மகள் கவியாவின் கையும் போதும். ஆனால் கண்ணுகளா, முப்பத்திரண்டு அடிப் பாய்மரப் படகிலிருந்து எந்த பஸ்ஸைப் பிடிப்பது? மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கம் மறைந்து ஆறு நாளாகியிருந்தது. அந்தமானுக்கு இன்னும் நான்கு நாள்.

கடற்கரையில் சுற்றுலாக்காரர்களுக்குப் பாய்மரப் படகு ஓட்டச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவன் கிருபாகரன். பழைய படகொன்றை வாங்கி, மனைவியையும் பதினொரு வயது மகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். நடுராத்திரியிலிருந்து நான்கு மணிவரை அவன் காவல், பிறகு அவள். ஒருவர் விழித்திருந்தால்தான் மற்றவர் கண்ணை மூட முடியும். மணிக்கொரு தரம் திசையையும் காற்றையும் நோட்டில் எழுத வேண்டும்.

இருட்டில் தன் எண்களை மட்டும் குறித்துவைத்தவள், அன்று காலை டீ கொதிக்கிற நேரத்தில்தான் நோட்டைப் புரட்டினாள். கிருபாகரன் எண்களைக் கிறுக்குவானே தவிர ஒரு வார்த்தை எழுதமாட்டான். மூன்று மணிக்கு நேராக, அவன் கிறுக்கலைப் போலவே சாய்த்து எழுதியிருந்தது: ‘பெரிய கப்பல் நேராக வந்தது. நம்ம படகு தெரிய பாய்மேல் டார்ச் அடித்தேன். விலகிப் போய்விட்டது.’

முற்றுப்புள்ளி மூன்றும் குண்டு குண்டாக, கவியா பள்ளிக்கூட நோட்டில் வைப்பது போலவே இருந்தன.

ஜெனிட்டா நோட்டை மூடினாள். அடுப்பை அணைத்தாள்.

“யோவ், மூணு மணிக்கு நீ இன்னா பண்ணிகினு இருந்த?”

சுக்கானைப் பிடித்திருந்தவன் திரும்பவில்லை. “காவல்தான். வேற இன்னா?”

“கப்பலு எந்தப் பக்கமா வந்துச்சு?”

கவியாதான் சொன்னாள். “அப்பாவ எழுப்பினேம்மா. எழுந்துக்கல.”

“கண்ணு அசந்துட்டேன் ஜெனி. வெவரமான புள்ள. ஒண்ணும் ஆவலையே.”

“எழுப்பியும் எழுந்துக்காத அளவுக்கா கண்ணு அசரும்? பச்சப்புள்ளைய நடுக்கடல்ல காவலுக்கு வுட்டுட்டு, எழுந்ததும் உன் கையெழுத்து மாறியே எழுதச் சொல்லிப் பொய்யும் கத்துக்குடுத்துகீற. உன்ன நம்பிக் கீழ தூங்கினேன் பாரு, என்னச் செருப்பால அடிக்கணும்.”

“கத்தாத. புள்ள பயப்படுது.”

“கப்பலப் பாத்துப் பயப்படாத புள்ள என்னப் பாத்தா பயப்படும்?”

இன்னும் நான்கு இரவு. இவனை நம்பித் தூங்க முடியாது. தூங்காமல் கரை சேரவும் முடியாது.

நோட்டை மகள் மடியில் வைத்தாள். “அதுக்குக் கீழ உன் பேர எழுது, கண்ணு. உன் கையெழுத்துல.”

கவியா அப்பனைப் பார்த்தாள். அவன் தலை குனிந்துகொண்டான். அவள் நிதானமாக எழுதி, புள்ளியும் வைத்தாள்.

“இப்ப நீ எழுது. தூங்கிட்டேன்னு.”

ஆறு நாளில் அவன் எழுதிய முதல் வார்த்தை அது.

“இன்னிலேர்ந்து உன் காவல்ல கால்மணிக்கு ஒரு தரம் கேபின் கூரையில தட்டு. சத்தம் வரலேன்னா பக்கெட்டுத் தண்ணியோட வருவேன்.”

“அப்ப நீ எப்படித் தூங்குவ?”

“தட்டலேன்னாதான் எனக்குத் தூக்கம் வராது.”

டீயை இரண்டு டம்ளரில் ஊற்றினாள். ஒன்றை மகளிடம் கொடுத்தாள். அவன் பங்கு பாத்திரத்திலேயே ஆறிக்கொண்டிருந்தது.