புளி போட்டுத் துலக்கிய டைனமோ

எல்லை பிரித்து நாகலாபுரத்தை ஆந்திராவில் சேர்த்த வருஷம். ஆயுத பூஜையன்று எங்கள் டெண்ட் சினிமாக் கொட்டாய் முதலாளி சிட்டிபாபு அண்ணனுக்குப் பக்தி முற்றிவிட்டது. பெண்டாட்டி தாட்சாயணி அண்ணியோ பலமனேரில் தாய்வீட்டில் இருந்தார். மனுஷனைத் தட்டிக்கேட்க ஆளில்லை. பெஞ்சுகளைக் கழுவிவிட்டு, படம் ஓட்ட மின்சாரம் தருகிற டைனமோவைத் திறந்தார். உள்ளே சுற்றுகிற செப்பு உருளை பழுப்பேறிக் கிடந்தது. குத்துவிளக்குக்குப் போடுவதுபோல் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி, மேல்மூடிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். டிக்கெட் கிழிக்கிற எனக்கு அதில் என்ன தெரியும்? கும்பிட்டுவிட்டுப் பொரி தின்றேன்.

மறுநாள் பாதிப் படத்தில் திரை மங்கியது. ஓடிப்போய்ப் பார்த்தால் டைனமோவுக்குள் மத்தாப்பு. அந்த உருளைமேல் உரசிக்கொண்டே மின்சாரத்தை வாங்கித் தருகிற கரித்துண்டுகளைத்தான் பிரஷ் என்போம். நான்கில் ஒன்று கரைந்தே போயிருந்தது. அதற்கடுத்த நாளும் படம் பாதியில் நின்றது. கொட்டாய் நிற்கும் மைதானத்துக்குச் சொந்தக்காரரான அப்பாவு பொறுமை இழந்துவிட்டார்.

"ஞாயித்துக்கெழமையும் படம் நின்னுச்சினா கொட்டாயப் பிரிச்சிக்கினு கெளம்பு. புத்தூர் கொட்டாய்க்காரன் எடம் கேட்டுக்கினே கீறான்" என்றார்.

சேதி கேட்டு வந்த அண்ணி மூடியைத் திறந்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த டைனமோவுக்கு அவர்தான் எல்லாம்.

"யாரு இத வெளக்குனது?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"அழுக்கா இருந்திச்சி தாட்சாயணி..."

"அழுக்கா அது? பிரஷ் ஓடி ஓடி செம்புமேல படிஞ்ச தோலுய்யா. அது இருந்தாத்தான் பிரஷ் வழுக்கிக்கினு ஓடும். தோல உரிச்சிட்டுப் பொட்டு வேற வெச்சிக்கீற!"

சனிக்கிழமை மூவரும் திருப்பதிக்குப் பஸ் ஏறினோம். அங்கே மோட்டார் சாமான் கடைக்குப் போனோம். கடைக்காரர் இரண்டு தினுசு பிரஷ்களை எடுத்து வைத்தார். ஒன்றைக் கண்ணாடிமேல் தட்டினால் ணங்கென்றது. வருஷக்கணக்கில் தேயாது என்று தெலுங்கில் சத்தியம் செய்தார்.

"அதையே வாங்கிடு" என்றார் அண்ணன்.

அண்ணி இரண்டையும் உள்ளங்கையில் இழுத்துப் பார்த்தார். ஒன்று கீறியது. மற்றது மைபோல் வழுக்கிக் கறுப்புக் கோடு போட்டது.

"இது தேயாதுன்னா அப்ப எது தேயும்? நம்ம செம்புதான். பிரஷ் போனா பஸ் ஏறி வந்து வாங்கலாம். செம்பு போனா கொட்டாயே போச்சு" என்று மெத்தென்றதில் நான்கை எடுத்தார்.

"ஒண்ணுதானே தேஞ்சிது?"

"நாலும் ஒரே தினுசா இருக்கணும். இல்லன்னா ஒண்ணே எல்லாத்தியும் செமந்து சூடேறிப் பூடும்."

எனக்கு அந்த அம்மாவை அங்கேயே கும்பிடத் தோன்றியது. கடையில் நாலு பேர் இருந்ததால் சும்மா இருந்தேன்.

ஞாயிறு காலை உருளைமேல் உப்புத்தாளைச் சொரசொரப்பு வெளியே இருக்கும்படி சுற்றிக் கையால் திருப்பித் திருப்பி, பிரஷ்களின் அடியை உருளையின் வளைவுக்குப் படியவைத்தார். பிறகு படம் காட்டும் மெஷினை இணைக்காமல், சில பல்புகளை மட்டும் எரியவிட்டு டைனமோவைச் சுழற்றும் இன்ஜினை ஓட்டினார். மதியச் சோற்றையும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து தின்றார். செம்பு மெல்லப் பழுப்பு தட்ட ஆரம்பித்ததும்தான் அவர் முகம் தெளிந்தது.

சாயங்கால ஆட்டத்துக்கு அப்பாவு முன்பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். முதல் பாட்டு முடிந்தது, சண்டை முடிந்தது, இடைவேளையும் வந்து போனது. திரை ஒரு தடவைகூடக் கண் சிமிட்டவில்லை. படம் விட்டு வெளியே வந்த அப்பாவு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் கேட்டார்:

"வெள்ளிக்கெழமையிலேர்ந்து இன்னா படம் போடப்போறீங்க?"

அதைச் சொல்ல இன்ஜின் கொட்டகைக்கு ஓடினேன். அண்ணன் படமே பார்க்கவில்லை போலிருக்கிறது. ஒரு பொறிகூட இல்லாமல் சுற்றும் உருளையைப் பார்த்து, கண்கலங்கக் கைகூப்பி நின்றிருந்தார்.

அண்ணி திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "கும்புட்டுக்க. கைய மட்டும் உள்ள வுட்டுடாத."