வாய்க்கு வந்த உறவு

வீடு பார்க்கப் போன இடத்தில் வீட்டுக்காரம்மா கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "நீங்க ரெண்டு பேரும் யாரு?"

லிப்ட் மெக்கானிக்கான அவன், பக்கத்தில் நின்றவளைத் திருதிருவென்று பார்த்தான். கல்யாணம் ஆகவில்லை, சேர்ந்து இருக்கப் போகிறோம் என்று உண்மையைச் சொல்லிப் பார்த்த இடத்திலெல்லாம் கதவை முகத்தில் சாத்தியிருந்தார்கள். சரி, புருஷன் பெண்டாட்டி என்றாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். அந்தப் பொய் பிற்பாடு உண்மையாகியிருக்கும். நம் மகானுபாவன் என்ன சொன்னான் தெரியுமா? "இவ என் தங்கச்சிம்மா."

சாவியை வாங்கிக்கொண்டு மாடி ஏறியதும் அவள் வெறுந்தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பார்லரில் முடி வெட்டுகிறவள், ஊர்க்கதை எல்லாம் காதில் விழும். அவளுக்கே இந்தக் கூத்து புதிது.

"ஏன் மாமா, பொண்டாட்டின்னு சொல்ல வாய் வரலையா?"

"கல்யாண போட்டோ எங்கன்னு கேட்டா என்னடி பண்றது?"

"அதானே! தங்கச்சின்னா பிறந்த போட்டோ கேக்க மாட்டாங்க, பாவம்."

கல்யாணத்தைப் பதிவு செய்து விடலாம் என்று ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போனார்கள். இருப்பிடச் சான்றுக்கு வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும் என்றார் அங்கிருந்த குமாஸ்தா. அண்ணனுக்கும் தங்கைக்கும் கல்யாணம் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்த அம்மாவிடம் கையெழுத்து கேட்பது? வேறு வீடு பார்த்துக்கொண்டு செய்யலாம் என்றான். வாடகை குறைவு, பார்லர் பக்கம், மழை ஒழுகவில்லை. வேறு வீடு பார்க்கும் பேச்சு வருஷக்கணக்கில் பேச்சாகவே இருந்தது. அவள் இரண்டு தடவை கேட்டாள். மூன்றாவது தடவை கேட்கவில்லை. அவள் கேட்பதை நிறுத்தியதை அவன் நிம்மதி என்று எடுத்துக்கொண்டான், மடையன்.

அவளுக்கு வயிறு தெரிந்தபோது வீட்டுக்காரம்மா மோவாயில் கை வைத்தார். உடனே இவன் வாய் முந்திக்கொண்டது. "மாப்பிள்ளை வெளிநாட்டுல வேலை பாக்குறாரும்மா."

இப்படித்தான் அந்த வீட்டுக்குள் ஒரு மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். ஆஸ்பத்திரியில் வீட்டுக்காரம்மா கூடவே நின்றதால், குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயருக்கான இடத்தைக் காலியாகவே விட்டார்கள். கல்யாணமாகாத தாய் தனியாகப் பதிவு செய்துகொள்ளலாம், அவள்தான் குழந்தைக்குக் கார்டியன் என்று நர்ஸ் ரகசியமாகச் சொன்னாள். அப்பாடா என்று இருந்தது அவனுக்கு.

பெண் குழந்தை. கறுப்பாக, சுறுசுறுப்பாக, கோபம் வந்தால் கடிப்பாள். அதனால் கட்டெறும்பு. வீட்டுக்குள் அம்மா ஆசையாக மாமா என்று கூப்பிடுவதைக் கேட்டு அவளும் மாமா என்றாள். வெளியே, தாய்க்கு அண்ணன் என்றால் பிள்ளைக்கு மாமாதானே? ஒரே சொல் உள்ளுக்கும் பொருந்தியது, வெளிக்கும் பொருந்தியது. தன் சாமர்த்தியத்தை நினைத்து அவன் மெச்சிக்கொண்டான் என்றால் நம்புவீர்களா? மெச்சிக்கொண்டான்.

கட்டெறும்புக்கு ஏழு வயது நடக்கும்போது அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்று டாக்டர் கேட்டார். வீட்டுக்காரம்மா அப்போதும் பக்கத்தில்தான் இருந்தார். "அண்ணன்," என்றான். அண்ணனாகவே கையெழுத்துப் போட்டான், அவள் செத்தபோது அண்ணனாகவே அழுதான். கூடியிருந்தவர்கள், தங்கச்சி மேல் என்ன பாசம் பார் என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு காதில் விழுந்தபோது அவனுக்கும் சேர்ந்து செத்துப்போகலாம் போலிருந்தது.

பார்லர் பெண்கள் மூலம் செய்தி போய், அவளுடைய கூடப்பிறந்த அக்கா வந்தாள். கோபித்துக்கொண்டு போன தங்கையை பத்து வருஷமாகப் பார்க்காதவள். பள்ளிக்கூட டீச்சர். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவர் யாரு?" என்றாள். அண்ணன் என்றார்கள்.

"அண்ணனா? எங்க வீட்டுல நாங்க ரெண்டு பொண்ணுங்கதான். எனக்குத் தெரியாம எங்கம்மா உங்களை எப்போ பெத்தாங்க?"

தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னான். அவள் நம்பவில்லை. "அண்ணன்னு சொன்ன அதே வாய்தானே இப்போ அப்பான்னு சொல்லுது? நாளைக்கு வேற ஏதாவது சொல்லும். பொண்ணை உங்ககிட்ட எப்படி விட்டுட்டுப் போவேன்?"

அவள் கேட்டதில் என்ன தப்பு? கெட்டவளாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பான். அவள் கோர்ட்டுக்குப் போனாள். பெரியம்மாவாகிய தன்னைக் கார்டியனாக நியமிக்க வேண்டும் என்று மனு போட்டாள்.

இவனுடைய வக்கீலம்மா கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "இப்போதைக்குச் சட்டப்படி நீங்க யாருமே இல்ல, தெரியுதா? மாமான்னு போய் நின்னா முதல் வாய்தாவுலயே முடிஞ்சுது. அப்பான்னு கேளுங்க. டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்தா நிரூபிச்சுடலாம். பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிடறேன்."

"ஜட்ஜம்மா அவளைத் தனியா கூப்பிட்டுப் பேசுவாங்க. அதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க, சார்."

லிப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பேசுவது அவனுக்குக் கைவந்த கலை. 'பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்' என்று அவன் சொன்னால் முன்பின் தெரியாதவர்கள்கூட அழுகையை நிறுத்துவார்கள். பெற்ற பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்ல அவனால் முடியவில்லை. ஒரு காலையில் அவளுக்குப் பின்னல் போட்டுக்கொண்டே, இன்று சொல்லிவிடுவது என்று தொண்டையைக் கனைத்தான். அவள் முந்திக்கொண்டாள்.

"மாமா, அம்மா செத்தது எங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்று வாய் உளறியது.

"தெரிஞ்சுமா வரல?"

சீப்பு பாதித் தலையில் நின்றது.

"அவரு வந்தா நீ கதவைத் திறக்காத மாமா. சரியா? சத்தியம் பண்ணு."

பண்ணினான். ஆமாம், அதையும் பண்ணினான்.

டெஸ்ட் முடிவு வந்தது. ஜட்ஜம்மா கட்டெறும்பிடம் தன் அறையில் வெகுநேரம் பேசினார். பிறகு அவளை வெளியே பெரியம்மாவிடம் உட்காரச் சொல்லிவிட்டு இவனைக் கூப்பிட்டார்.

"நீங்கதான் அப்பா. அதுல சந்தேகம் இல்ல. பெரியம்மாகிட்டயும் சொல்லிட்டேன், அவங்க ஒத்துக்கிட்டாங்க. ஆனா உங்க பொண்ணு என்கிட்ட என்ன கேட்டா தெரியுமா? 'மாமாகூட இருக்கேன், எங்கப்பா வந்து கேட்டா மட்டும் குடுத்துடாதீங்க'ன்னா. நான் என்ன பண்ணட்டும்?"

அவன் மூடியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"நான் சொல்லவா, நீங்க சொல்றீங்களா?"

"நானே சொல்றேன்மா."

அவளை உள்ளே அழைத்து வந்தார்கள். அவள் ஓடி வந்து அவன் முழங்காலில் சாய்ந்தாள். "நான் உன்கூடன்னு சொல்லிட்டேன் மாமா," என்று காதில் கிசுகிசுத்தாள்.

"கட்டெறும்பு... உங்கப்பா வெளிநாட்டுல இல்லடா. அப்படி ஒருத்தரே இல்ல. நான் பொய் சொல்லிட்டேன். நான்தான் உன் அப்பா."

அவள் அவனைப் பார்க்கவில்லை. ஜட்ஜம்மாவைப் பார்த்தாள். அவர் ஆமாம் என்று தலையசைத்தார். முழங்காலில் சாய்ந்திருந்தவள் மெதுவாக நிமிர்ந்து தள்ளி நின்றாள்.

"அப்போ அம்மா செத்தப்போ ஏன் வரல?"

"வந்தேன்டா. அம்மா பக்கத்துலயே இருந்தேனே. நீ என் மடியிலதானே படுத்திருந்த?"

"அது மாமா," என்றாள்.

குழந்தை அப்பாவிடம் இருக்கலாம், பெரியம்மா அவ்வப்போது வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று உத்தரவானது. வக்கீலம்மா கைகுலுக்கினார். பெரியம்மா வாசலில் நின்று, "சாப்பிட வைங்க, காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல," என்று மட்டும் சொன்னாள். பஸ்ஸில் கட்டெறும்பு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாடியில் கதவு முன் நின்று சாவியைத் தேடினான். ஒவ்வொரு பையாகத் துழாவினான். மற்ற நாளாக இருந்தால், 'ஐயோ மாமா, நீ சுத்த மோசம், தள்ளு' என்று அவளே அவன் பையைக் குடைந்திருப்பாள். இன்று இரண்டு படி கீழேயே நின்றுகொண்டாள்.

"சாவி மேல் பையில இருக்கு," என்றாள், சுவரைப் பார்த்தபடி. "எடுத்துத் திறங்க."